சில்வர் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

பழைய உழவு யந்திரங்களைத் திரட்டி ஊர்ப் பொதுவிடங்களில் நிறுத்திவைக்கும் கொங்கு நாட்டு இளைஞர் மன்றத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புமிக்க நண்பர்களே,

பழைய இரும்புக் கடைத் தராசுக்குப் போகவிருந்த ஆயில் எஞ்சின்களையும், கவலை இறைத்து ஓய்ந்த இரும்புச் சால்களையும், கலப்பைகளையும், கரும்பு ஆட்டிய உருளைகளையும் காசு கொடுத்தோ கெஞ்சிக் கேட்டோ மீட்டுக்கொண்டுவந்து, பள்ளிக்கூடத்து வாசலிலும் நூலகத்து முற்றத்திலும் ஊர்ச் சாவடியோரத்திலும் நிறுத்திவைக்கும் நற்காரியத்தில் நீங்கள் இறங்கியிருப்பதைக் கண்டு சந்தோஷப்படுகிறவர்களில் நானும் ஒருவன். பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்து என்றால் பத்திரத்தில் ஏறிய பூமி ஒன்றுதான் என்று எண்ணிப் பழகிவிட்ட நம்மிடையே, அந்தப் பூமிக்குத் தண்ணீர் பாய்ச்சிய யந்திரத்துக்கும் ஒரு மரியாதை உண்டென்று உங்களுக்குத் தோன்றியது சாமானியமான விஷயம் அன்று.

ஆனால் மீட்டுக்கொண்டுவந்த பிறகு நீங்கள் செய்கிற காரியத்தைப் பற்றித்தான் எனக்கு விசாரம். பட்டறையிலிருந்து கிரைண்டிங் மெஷினை வருவித்து, கம்பி பிரஷ் பூட்டி, இரும்பு வெள்ளைவெளேரென்று மின்னுகிற மட்டும் தேய்த்து, அதன்மேல் ரெட் ஆக்சைடு ஒரு கை, சில்வர் பெயிண்ட் இரண்டு கை என்று பூசி, சக்கர விளிம்புக்குச் சிவப்பும் கலப்பைக்குப் பச்சையும் தீட்டி, பொங்கலன்று மாலை சாத்தித் திறந்துவைத்துவிடுகிறீர்கள். குழிகளுக்குள்ளும் இடுக்குகளுக்குள்ளும் பிரஷுக்கு அகப்படாமல் தங்கிவிட்ட துருவும் ஈரமும் உப்பும் பெயிண்டுக்கு அடியில் சிறைப்பட்டு, அடுத்த ஐப்பசி மழைக்குள் கொப்புளங் கொப்புளமாக வெடித்துக் கிளம்ப, மறுபடியும் அதே மெஷின், அதே டப்பா. இப்படி நாலைந்து பொங்கல் கழிந்தால் மிஞ்சுவது முன்பிருந்ததைக் காட்டிலும் மெலிந்துபோன ஓர் இரும்பு. அதன்மேல் தடித்துப்போன பெயிண்டு. மழையிலும் வெயிலிலும் அனாதையாகக் கிடந்திருந்தால்கூட அந்த யந்திரத்துக்கு இத்தனை சேதம் நேர்ந்திராது என்று சொல்லத் துணிகிறேன்.

ஏனெனில் அந்த யந்திரத்தின் சரித்திரம் முழுவதும் அதன் மேல்தோலில்தான் இருக்கிறது. இரும்புக் கலப்பையின் இறக்கையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மண் புரண்டு ஓடிய திக்கிலேயே மெல்லிய கீறல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிட்டிருக்கும். சரளை மண்ணில் உழுததா, கரிசலில் உழுததா என்பதை அனுபவசாலியான உழவர் அந்தக் கீறலைக் கொண்டே ஊகித்துவிடுவார். எஞ்சினைச் சுழற்றிவிடும் ஹேண்டிலில் உள்ளங்கை பட்ட இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, மற்ற இடம் வார்ப்பின் சொரசொரப்போடேயே இருக்கும். கவலைச் சாலின் அடியில் ஊர்க் கொல்லர் வைத்துத் தைத்த ஒட்டுத் தகட்டையும், அதைச் சுற்றி அவர் சுத்தியல் விழுந்த தடத்தையும், ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டு ஏறியிருப்பதையும் காணும்போது, ஒரு சாலை வைத்துக்கொண்டு எத்தனை கோடைகளை ஒரு குடும்பம் கடத்திற்று என்பது சொல்லாமலே விளங்கும். கிரைண்டிங் மெஷின் கால் மணி நேரத்தில் இவையனைத்தையும் சமமாக்கிவிடுகிறது.

இதைவிட வருத்தமான நஷ்டம் ஒன்றுண்டு: யந்திரம் எங்கே பிறந்தது என்பதற்கான அடையாளம். 1929-இல் இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற சிற்றூரில் லிஸ்டர் கம்பெனியார் சி.எஸ். என்ற ரகத்து டீசல் எஞ்சினை வெளியிட்டார்கள். நிமிஷத்துக்கு 600 சுற்று மட்டுமே சுற்றி 5 குதிரைசக்தி கொடுத்த அந்த நிதானமான யந்திரம், எளிதில் பழுதாகாத குணத்தால் உலகமெங்கும் பரவிற்று. பிற்காலத்தில் ராஜ்கோட்டுப் பட்டறைகள் அதே மாதிரியை வார்த்து ஏராளமாக விற்றன. 1946-இல் புனாவில் கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் கம்பெனி ஆரம்பமாயிற்று. அதற்கு முன்பே 1932-இல் பைகாரா மின்சாரம் பிறந்து, கோயம்புத்தூர்ச் சீமையில் கம்பி போன தோட்டங்களில் மோட்டார் ஏறியது. கம்பி போகாத தோட்டங்களில் ஆயில் எஞ்சின் இன்னும் பல வருஷம் ‘டப் டப்’ என்று பேசிக்கொண்டிருந்தது. உங்கள் ஊர் எஞ்சின் டர்ஸ்லியிலிருந்து கப்பலேறி வந்ததா, புனாவில் பிறந்ததா, ராஜ்கோட்டு வார்ப்பா என்பதைத் தீர்மானிக்க இருக்கும் சாட்சிகள் மூன்றே: பித்தளைத் தகட்டில் பொறித்த எண், உடலில் வார்ப்போடு எழுந்த எழுத்து, சக்கரக் குடத்தின் மடிப்பில் ஒளிந்திருக்கும் ஆதிப் பெயிண்டின் துணுக்கு. மூன்றையும் தேய்த்து அழித்துவிட்டு, பக்கத்தில் ‘பழங்கால எஞ்சின்’ என்று பலகை எழுதி மாட்டுவதில் என்ன பிரயோஜனம்? பித்தளைத் தகட்டைப் பளபளப்பாக்குகிறேன் என்று வாரந்தோறும் பாலிஷ் போட்டு எண்ணையே மழுக்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஆகையால் என் வேண்டுகோள் இதுதான்: இருக்கிற துருவை அகற்றுவதில் காட்டும் உற்சாகத்தை, இனி வரும் துருவைத் தடுப்பதில் காட்டுங்கள். இரண்டும் வேறு வேறு காரியங்கள். முன்னதற்குக் கை வலிமை போதும், பின்னதற்குச் சிரத்தை வேண்டும்.

இரும்பும் ஜலமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் மூன்றும் கூடினாலொழியச் சாதாரணமாகத் துரு பிறப்பதில்லை. காற்றின் ஈரம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது அதன் வேகம் சட்டென்று உயர்கிறது. மேலே உப்புப் படிந்திருந்தாலோ, அதைவிடக் குறைந்த ஈரமே அதற்குப் போதுமானது. செம்பின் களிம்பைப்போலத் தானே ஒரு கவசமாக அடைந்து நிற்கும் குணம் சாமானியமான இரும்புத் துருவுக்குக் கிடையாது. அது நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தைப் பிடித்துவைப்பது, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. இரண்டு தகடுகளை ஆணியடித்துப் பொருத்திய இடத்தில் நடுவே துரு ஊறி, தகடு பிதுங்கி, ஆணியின் தலையே தெறித்துப்போயிருப்பதைக் கரும்புப் பாகு காய்ச்சும் பழைய கொப்பரைகளில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் தில்லி இரும்புத் தூணை எடுத்துக்காட்டாமல் இருக்கமாட்டார். சுமார் 1,600 வருஷமாக அது வெட்டவெளியில் நிற்பது வாஸ்தவம். ஆனால் அக்காலத்துக் கரி உலையில் பிறந்த அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் அதன்மேல் ஒரு காப்புப் படலம் உண்டாயிற்று என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அத்தகைய தூணுக்கும்கூட மண்ணுக்குள் புதைந்த அடிப்பாகத்தில் துரு பிடிக்கத்தான் செய்தது. நம் தோட்டத்து இரும்பு அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று.

எனினும் எல்லாத் துருவும் ஒரே ஸ்திதியில் இல்லை என்பதை நீங்கள் கற்றுக்கொள்ளவேண்டும். ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். காவிப்பொடி துணியில் அப்பிக்கொண்டு வந்தால் அங்கே துரு உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது; துணி ஏறக்குறைய சுத்தமாகவே வந்து, இரும்பு கருமை கலந்த பழுப்பில் இறுகிக் கிடந்தால், அது அடங்கின துரு; அதைத் தொடவே வேண்டாம். வீட்டில் எண்ணெய் ஊறிக் கறுத்துப் பழகின தோசைக்கல்லை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க எந்தப் பெண்மணியாவது சம்மதிப்பாளா? கத்தி முனையால் மெல்லத் தட்டினால் பொருக்காகப் பெயர்ந்து விழுகிறதென்றால், அந்தப் பொருக்கை மட்டும் மரச் சீவலாலோ பித்தளைக் கம்பி பிரஷாலோ கையால் நீக்குங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த சாமான்களில், துருவின்மேல் வியர்வை அரும்பியதுபோல் மஞ்சள் நிறத் துளிகள் நிற்பதுண்டு. அது உப்பு இரும்புக்குள் இறங்கிவிட்டதற்கு அடையாளம். அந்த உப்பை வெளியேற்றாமல் எதைப் பூசினாலும் வீண்தான்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைப் பம்பு போட்டுப் பீய்ச்சி யந்திரத்தைக் கழுவுவது, துருவுக்கு விருந்து வைப்பதாகும். மழைத் தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ கொஞ்சமாக, சுடச்சுட, பலமுறை விட்டுத் துடைத்து, சித்திரை வைகாசி வெயிலில் உடனே காயவைப்பதுதான் உசிதமானது. பழைய கிரீஸும் மண்ணும் கலந்து இறுகிய அடைக்கு மண்ணெண்ணெயும் பழந்துணியும் போதும். புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் துரு பறந்துவிடும் என்கிறார்கள். புளி துருவைக் கரைப்பது மெய். ஆனால் உப்பு இரும்பில் தங்கிவிடும். புளிப்பால் வெளுத்த இரும்பு ராத்திரிக்குள் மீண்டும் சிவந்துவிடுவதும் மெய். உரமூட்டைகளுக்குக் காவலாக எஞ்சினை மோட்டார் அறையில் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: பொட்டாஷ் என்று நாம் வாங்கும் உரம் உப்பின் உடன்பிறப்பான குளோரைடு, அதன் தூசி படிந்த இரும்பு, கூரைக்கு அடியில் இருந்தாலும் கடற்கரையில் இருப்பதற்குச் சமானம்.

ஆதிப் பெயிண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களை உலர்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அக்காலத்து அடிப்பூச்சு ஈயச் செந்தூரமாக இருப்பது சகஜம்; அந்தத் தூசி மூச்சில் போனால் விஷம். சிறுபிள்ளைகள் விளையாடும் பள்ளிக்கூட முற்றத்தில் கிரைண்டிங் மெஷினை ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் யோசிக்கவேண்டும்.

சுத்தம் செய்த பின் எஞ்சும் துருவை அடக்கும் கடுக்காய்க்கு இனி வருகிறேன். தோல் பதனிடுவோர், கடுக்காய்ச் சாறு ஊறிய தோலில் ஓர் இரும்பாணி பட்டால்கூட நீலங்கலந்த கறுப்புக் கறை விழுந்துவிடும் என்று இரும்பை அண்டவிடமாட்டார்கள். கலம்காரித் துணியில் கறுப்பு எழுதுகிறவர்களோ கடுக்காயில் தோய்த்த துணியின்மேல் இரும்பு ஊறிய நீரை இட்டு, அதே கறையை வர்ணமாக வரவேற்பார்கள். அவ்விருவருக்கும் தெரிந்த அந்த ரசாயனம் நமக்கும் உபகாரமாகும். கடுக்காயில் மிகுந்திருக்கும் துவர்ப்புப் பொருள் சிவந்த துருவோடு கூடி, எளிதில் கரையாத கரும்படலமாக அதை மாற்றிவிடுகிறது. கனடாவின் பழம்பொருள் பாதுகாப்புக் கழகத்தார் துருவேறிய இரும்புச் சாமான்களுக்குச் சிபாரிசு செய்யும் டானிக் அமிலப் பூச்சின் தத்துவமும் இதுவே. சுத்தமான டானிக் அமிலம் ரசாயனக் கடைகளில் கிடைக்கும். அதை நீரில் கரைத்துப் பூசுவது நிச்சயமான பலன் தருவது. கொட்டை நீக்கி இடித்த கடுக்காயை வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் துணியில் வடிகட்டிய சாறும் வேலை செய்யும். ஆனால் அதில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால், யந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் பரீட்சித்துப் பார்ப்பது விவேகம். கனமாக அப்பாமல் பிரஷால் மெல்லியதாகத் தேய்த்து ஏற்றி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடியும் ஒரு கை. முதற் பூச்சுக் காய்கையில் காவிநிறம் ஊதாவாகி, ஊதா கருநீலமாகி, கருநீலம் கறுப்பாவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பித்தளையிலும், தேய்ந்து மின்னும் ஹேண்டிலிலும் இதைப் படவிடாதீர்கள். காலப்பழுப்பே நிறமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படும் இடங்களுக்கும் இது வேண்டாம். கறுத்தது பிறகு சிவக்காது.

படலம் எதுவானாலும் அதற்குமேல் ஈரம் புகாத ஒரு காப்பு அவசியம். பழைய எஞ்சின் ஆயிலை வாளியில் கொண்டுவந்து ஊற்றிவிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. எஞ்சினில் எரிந்த எண்ணெயில் அமிலமும் கரியும் கலந்திருக்கின்றன, தொடுகிற கைக்குக் கேடு, சொட்டுகிற மண்ணுக்கும் கேடு. புதுக் கிரீஸ் நல்லதுதான், ஆனால் தூசியையும் மணலையும் வாரிப் பிடித்துக்கொள்ளும். வெளியே தெரியாத அச்சு, பல்சக்கரம் முதலிய பாகங்களோடு அதை நிறுத்திக்கொள்வது நலம். கண்ணுக்குத் தெரியும் மேற்பாகங்களுக்கு மெழுகுக்கு நிகர் வேறில்லை. ஒரு பங்கு தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்தபின் மூன்று பங்கு டர்பென்டைன் சேர்த்துக் கலக்கினால் ஆறியதும் களிம்பாகிவிடும். வெயிலில் கிடந்து இரும்பு கை பொறுக்குமளவு சுட்டிருக்கும் மத்தியான வேளையில் அதைத் துணியால் தேய்த்தால், மெழுகு இளகி ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கும். சாயங்காலம் உலர்ந்த துணியால் மெருகிடுங்கள். இந்தக் காப்பு நிரந்தரமன்று. வெட்டவெளியில் நிற்கும் யந்திரத்துக்கு ஆடிக் காற்றுக்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். வர்ணம் பூசினால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று கடைக்காரர் சொல்லும் வார்த்தையைவிட, வருஷத்துக்கு இருமுறை மெழுகு தேய்க்கும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். தேய்க்கும் சாக்கில் யாரோ ஒருவர் யந்திரத்தை உற்றுப் பார்க்கிறாரல்லவா?

மெழுகுக்குப் பதிலாக, காய்ச்சின ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசுகிறவர்களும் உண்டு. அது காற்றில் இறுகி அரக்குப்போல ஒரு படலமாகும். குற்றமில்லை. ஆனால் அந்த எண்ணெய் இறுகும்போது உஷ்ணத்தை வெளியிடுகிறது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், நெருப்பே இல்லாமல் அது தானாகப் பற்றிக்கொள்ளும். துணிகளைத் திறந்தவெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். சாவடிக் கூரை வைக்கோலாக இருக்கும் ஊர்களில் இதைத் தண்டோராப் போட்டே சொல்லலாம்.

எஞ்சினின் உட்புறம் தனிச் சாஸ்திரம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறுகிப்போன பிஸ்டனைச் சம்மட்டியால் அடிக்கவே கூடாது. டீசலை ஊற்றிப் பொறுமையோடு வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையை முற்றிலும் வடித்துவிடுங்கள். வானத்தை நோக்கி நிற்கும் புகைக்குழாயின் வாயை ஒரு தகரக் குவளையால் கவிழ்த்து மூடுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே போவதற்கு அதுவே ராஜபாட்டை. மாதம் ஒருமுறை பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றி, முன்பு நின்ற இடத்திலல்லாமல் வேறிடத்தில் நிற்கச் செய்யுங்கள்.

நிறுத்திவைக்கும் இடத்தில்தான் பாதிப் பாதுகாப்பு. மண்ணில் நேராகப் பதிந்த இரும்பு கீழிருந்து அரிபட்டுக்கொண்டே போகும். இரண்டு கருங்கல் பலகைகளின்மேல் தூக்கி வையுங்கள். சிமெண்டு மேடை கட்டுவதானால் தண்ணீர் தேங்காத சாய்வு வேண்டும். சக்கரத்தை மேடைக்குள் புதைத்துக் கலவை போடும் அழகு வேண்டாம். பிளாஸ்டிக் தார்ப்பாயால் தரையோடு தரையாகப் போர்த்திக் கட்டுவதைப்போன்ற தீங்கு வேறில்லை. மண்ணின் ஆவி உள்ளேயே சுற்றி, விடியற்காலையில் இரும்பெல்லாம் நனைந்து கிடக்கும். மார்கழி தை மாதங்களில் காலை எட்டு மணிக்கு உங்கள் எஞ்சினின் பெரிய சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுவதும் குளிர்ந்த அந்தக் கனத்த வார்ப்பு, காற்று சூடேறிய பின்பும் குளிர்ச்சி மாறாமல் இருப்பதால், காற்றின் ஈரம் அதன்மேல் பனித்து நிற்கும். மழையே பெய்யாத மாதத்திலும் துரு வளர்வதற்கு இதுவே காரணம்; மேலே கூரையும் நாற்புறமும் காற்றோட்டமும் இருந்தால் இந்த ஈரம் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

கூரை என்றதும் உங்களில் பலருக்கு உள்ள சங்கடம் எனக்குத் தெரியும்: ஊர்ப் பொதுவில் கிடைக்கும் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று, அதில் இடம் கொஞ்சம், சாமான்களோ பல. அப்போது எல்லாரும் கம்பீரமான எஞ்சினை உள்ளே ஏற்றிவிட்டு, சாலையும் தகர மருந்துத் தெளிப்பானையும் நாற்றுவயலில் சேறு கலக்கிய கேஜ் வீலையும் வேலியோரத்தில் சாத்திவிடுகிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். விரற்கடைக் கணக்கில் தடித்த வார்ப்பிரும்புச் சக்கரம், வாய்களை அடைத்து மெழுகு தேய்த்திருந்தால், இன்னும் எத்தனையோ மழைக்காலத்தை வெளியிலேயே கழித்துவிடும். காகிதத்தைப்போல மெலிந்த சாலின் தகடு ஒரே ஐப்பசியில் ஓட்டை விழுந்துபோகும். ஆகவே சாய்ப்புக்குள் முதலில் போகவேண்டியது சால். அடுத்தது தெளிப்பானும் கேஜ் வீலும். மிச்சமிருக்கும் இடத்தில் கலப்பைகள். எஞ்சினுக்கு, அதன் தலைக்குமேல் மட்டும், நாலு கால் நட்டு ஒரு தகரப் பந்தல்.

தங்கள் நலம் விரும்பும்,
தோட்டத்துக்காரன் ஒருவன்